சுகந்தி சோதிக்க மறந்த வேட்டி

பழனிசெட்டிபட்டியிலிருந்து முத்துராசுதான் அழைத்தார். “சார், தங்கச்சி போயிட்டா. தலை வலிக்குதுன்னா, ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு. நீங்க பேசுனா எனக்குக் கேக்காது. சொல்லணும்னுதேன் போட்டேன், வச்சிர்றேன்.” காய்ச்சலில் செவி இழந்தவர் அவர். உடனே ஊருக்குக் கிளம்பினேன்.

அந்தத் தங்கை சுகந்தி, பொறியாளர். பெங்களூர் வேலையை விட்டு வந்தது அண்ணனுக்காக ஒரு கண்ணாடி செய்யத்தான். எதிரே இருப்பவர் பேசுவது அதில் எழுத்தாக ஓடும். எழுத்துக்குப் பின்னால் ஆளும் தெரியும். செய்தி எடுக்கப் போன எனக்கு அதை மாட்டிவிட்டு, “காப்பியா, டீயா?” என்றார். அரையிருட்டு அறையில் அந்தக் கேள்வி வெள்ளையாக மிதந்தது. வாசலுக்கு வந்ததும் எழுத்தே இல்லை. “ரூமுக்குள்ள வாயாடி சார். வெயிலப் பாத்தா வாயத் தெறக்க மாட்டேங்குது.”

அந்தக் கண்ணாடியால் வெளியிலிருந்து வரும் ஒளியோடு தன் ஒளியைச் சேர்க்கத்தான் முடியும், குறைக்க முடியாது. கருப்பு எழுத்தே அதில் கிடையாது. சிவப்புச் சேலைக்கு முன் பச்சை எழுத்து மஞ்சளாகிவிடும்; மஞ்சள் சேலைக்கு முன் நீலம் வெளுத்துவிடும். எதிரே உள்ளதைச் சிறு கேமராவால் அளந்து நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்த அவர் ஒரு கணக்கு எழுதினார். அதற்காக அண்ணி சேலை மாற்றி மாற்றி நிற்க வேண்டியிருந்தது. “ஏத்தா, கல்யாணப் பொண்ணு எம் மகளா, நானா?” என்று அவர் அலுத்துக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது.

முத்துராசு மகளின் நிச்சயதார்த்தம் வீரபாண்டியில் ஒரு மண்டபத்தில் நடந்தது; நானும் போயிருந்தேன். செவி போனபின் முத்துராசுவுக்கு எல்லாவற்றையும் மற்றவர்கள் பேசி முடித்துவிட்டுத்தான் எழுதிக் காட்டுவார்கள். இந்த ஒன்றையாவது தானே கேட்டு, தானே பேச வேண்டும் என்று இருந்தார். எல்லாச் சேலையையும் சோதித்த சுகந்தி வேட்டியை மறந்திருந்தார். உச்சி வெயில் மண்டபத்துக்குள் வரைக்கும் அடித்தது. எதிரே வரிசையாக வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. கண்ணாடி தன்னால் முடிந்த மட்டும் வெளிச்சத்தைக் கூட்டியும் ஓர் எழுத்தும் தெரியவில்லை. முத்துராசு தங்கையைத் திரும்பிப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் பெரியப்பா, “கல்யாணத்துக்கப்புறம் பொண்ணு வேலைய விட்ருமில்ல?” என்று கேட்டார். பெண்ணின் தாய்மாமன் தலையாட்டப் போனார். சுகந்தி எழுந்துவிட்டார். “மாமா, செத்த இருங்க. திருப்பிக் கேளுங்க பெரியப்பா.” பிறகு மூலையில் இருந்த கருப்பு ஸ்பீக்கர் பெட்டியை அண்ணனுக்குக் கைகாட்டினார்.

பெரியப்பா மறுபடி கேட்டார். முத்துராசு பெட்டியையே பார்த்தார்; அதன் கருப்பில் எழுத்து தெளிவாக ஓடியது. “கேக்குறவன் நானு. இவரு பெட்டியவில்ல மொறைக்கிறாரு!”

சபை சிரித்தது. முத்துராசு பெட்டியைப் பார்த்தபடியே, “வேலைய விடணும்னா எம் பொண்ணு அங்கன வரமாட்டா” என்றார்.

“கேட்டுத்தான பாத்தோம். இதுக்கா இம்புட்டுக் கோவம்?” என்றார் பெரியப்பா. தட்டு மாற்றினார்கள்.

அன்றோடு வெளிச்சத்தைக் கூட்டுவதை சுகந்தி விட்டுவிட்டார். பார்வைக்குள் எது கருத்திருக்கிறதோ அதைத் தேடி எழுத்து தானே நகரும்படி செய்தார். “வெயிலோட மல்லுக்கட்டி என்ன சார் பண்ண? எங்கன இருட்டாருக்கோ அங்கன எழுதிட்டுப் போவோம்.”

துக்க வீட்டில் முத்துராசு அந்தக் கண்ணாடியோடுதான் உட்கார்ந்திருந்தார். வந்தவர்கள் சொன்னதைத் தானே வாசித்துத் தானே பதில் சொன்னார். முன்பு நிருபர் பழக்கத்தில் நான் முத்துராசுவிடம் கேள்விமேல் கேள்வி கேட்டபோது, “அண்ணன் வாசிச்சு முடிக்கட்டும் சார், முந்தாதீக” என்று சுகந்தி ஒருமுறை அதட்டியிருக்கிறார். அந்தப் பொறுமைதான் சுகந்தியிடமிருந்து வந்து என்னிடம் தங்கியது. செவி கேட்பவர்களிடமும் இப்போது அப்படித்தான் பேசுகிறேன்.

“மண்டபத்துல நீங்க பெட்டியப் பாத்துப் பேசுனீங்க. அப்ப உங்க தங்கச்சி முகம் பூரிச்சத நான் பாத்துக்கிட்டு இருந்தேன்” என்றேன். அவர் கண்கள் கடைசிச் சொல்லுக்கு வந்து சேரும்வரை நின்றேன்.