மெத்தைக் கடைக்காரி வழிகாட்டியாகப் போன கதை

மெத்தைக் கடையில் அவளுடைய வேலையே படுத்துக் காட்டுவதுதான். வாடிக்கையாளர் உள்ளே வந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி, ஒருக்களித்துப் படுத்து, “பாருங்க சார், முதுகு எப்படி நேரா இருக்கு!” என்பாள். ஒருமுறை நிஜமாகவே தூங்கிவிட்டாள். முதலாளி உலுக்கியும் எழவில்லை. அதைப் பார்த்த ஒரு தம்பதி அந்த மெத்தையையே கேட்டு வாங்கிப்போனார்கள்.

கல்லூரியில் படிக்கும் தங்கைக்கு வாய் அதிகம். “படுத்துக்கிட்டே சம்பளம் வாங்குற ஒரே ஆளு எங்க அக்காதான்” என்று வந்த விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரித்தாள். அக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாளே சமூகக் கூடத்துக்குப் போய் இளைஞர் விருதுத் திட்டத்தில் சேர்ந்துவிட்டாள்.

பொறுப்பாளர், ஓய்வுபெற்ற விளையாட்டு ஆசிரியர். “இது போட்டி இல்லம்மா. யாரையும் ஜெயிக்க வேணாம். ஒரு சேவை, ஒரு திறமை, ஒரு உடற்பயிற்சி, கடைசியா குழுவா ஒரு நடைப்பயணம். உன் இலக்கை நீயே வச்சுக்கோ” என்றார்.

சேவைக்கு நாய்க் காப்பகத்தைப் பிடித்தாள். நாயை நடத்திக் கூட்டிப்போவது வேலை. ஆனால் நாய்தான் இவளை இழுத்துக்கொண்டு ஓடியது. அந்த ஓட்டத்தை உடற்பயிற்சியில் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். “விருதை நாய்க்குத்தான் குடுக்கணும். நீ நீச்சலுக்குப் போ” என்றார் பொறுப்பாளர்.

திறமைக்கு முதலுதவி. வீட்டில் யாருக்கும் அடிபடவில்லை என்பதுதான் ஒரே குறை. மதியம் தூங்கிக்கொண்டிருந்த அப்பாவின் இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டுப்போட்டுப் பழகினாள். அவர் பேருந்து ஓட்டுநர். பணிக்கு நேரமாகிவிட்டது என்று துள்ளி எழுந்தவர் தடாலென்று விழுந்து நெற்றியை வீங்கவைத்துக்கொண்டார். நெற்றிக்குப் போடத் துணி மிச்சமில்லை.

நடைப்பயணத்துக்கு நான்கு பள்ளிப் பிள்ளைகளோடு இவளையும் சேர்த்தார்கள். வயதில் மூத்தவள் என்பதால் இவள்தான் தலைவி. ஊருக்குப் பக்கத்து அணைக்கட்டிலிருந்து காட்டுப் பாதையாக மலையடிவார முகாமுக்குப் போக வேண்டும். வரைபடத்தை விரித்து, விரலை ஊன்றி, “என் பின்னாடியே வாங்க” என்று கிளம்பினாள். குட்டையன் என்று கூப்பிடப்பட்ட பையன், “அக்கா, சூரியன் தப்பான பக்கம் இருக்கே” என்றான். “அது போகப் போகச் சரியாயிடும்” என்றாள்.

சாயங்காலம் புதர்களை விலக்கிக்கொண்டு வெளியே வந்தால், எதிரே ஒரு துணிக்கொடி. அதில் தொங்கிய கட்டம் போட்ட லுங்கி எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. லுங்கிக்குப் பின்னாலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள்.

“என்னடி, எதையாவது மறந்துட்டுப் போயிட்டியா?”

பொறுப்பாளருக்குப் போன் போட்டாள். “சார், வழி தவறிடுச்சு.”

“பயப்படாதம்மா! இப்ப எங்க இருக்கீங்க? சுத்தி என்ன தெரியுது?”

“எங்க வீடு தெரியுது சார்.”



பயணம் செல்லாது, மறுபடி நடக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. இவள் அழுதேவிட்டாள், தலைவி பதவி வேண்டாம் என்றாள். பிள்ளைகள் விடவில்லை. “நீங்க வந்தாத்தான் நாங்க வருவோம். வேற யாரும் எங்க பையைத் தூக்க மாட்டாங்க” என்றான் குட்டையன். அது உண்மைதான், காலில் கொப்புளம் வந்தவளின் பை, மூச்சு வாங்கியவனின் பை என்று எல்லாவற்றையும் இவள்தான் சுமந்திருந்தாள்.

இரண்டாம் முறை வரைபடத்தைக் குட்டையனிடம் கொடுத்துவிட்டு, கடைசி ஆளாக நடந்தாள். யார் பின்தங்கினாலும் அதட்டாமல் கூடவே நின்றாள். கூடாரம் போடும்போது மட்டும் அதிகாரம் தூள் பறந்தது. கல் இல்லாத, மேடு பள்ளம் இல்லாத இடமாகப் பார்த்து, ஒவ்வொரு இடத்திலும் புரண்டு புரண்டு பார்த்துத்தான் விரிப்பு போடவிட்டாள். பிள்ளைகள் அடித்துப்போட்டாற்போல் தூங்கினார்கள். மறுநாள் முகாமுக்கு எல்லோரும் சிரித்துக்கொண்டே போய்ச் சேர்ந்தார்கள்.

விருது விழாவில் பதக்கத்தைக் குத்திவிட்டு ஒலிவாங்கியை நீட்டினார்கள். அவ்வளவு கூட்டத்தைப் பார்த்ததும் தயார் செய்து வந்த பேச்செல்லாம் பறந்துபோய், கடையில் தினமும் சொல்லி வாயில் பழகியதுதான் வந்தது.

“ரொம்ப நன்றி. வீட்டுக்கே கொண்டுவந்து போட்டுடுவோம்” என்றாள்.

அரங்கம் அதிர்ந்தது. எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று விசிலடித்தது தங்கைதான்.