தண்ணீரில் வளர்ந்த புதினா

கைராசி இல்லாதவள் என்று ஒருத்தியைச் சொல்லிவிட்டால் போதும், அப்புறம் அவள் தொட்டதெல்லாம் வாடித்தான் போகும். வாடாவிட்டாலும் வாடியதாகத்தான் பேச்சு. நான் தூவிய கீரை விதை முளைக்காமல் போன அன்று என் மாமியார் எனக்கு அந்தப் பட்டத்தைக் கட்டினார். கல்யாணமாகி நாலு வருஷமாக எனக்குப் பிள்ளை இல்லை. அதையும் இதையும் முடிச்சுப் போட எவ்வளவு நேரமாகும்? முற்றத்துத் தொட்டிச் செடிகள் பக்கம் நான் போனாலே மாமியாரிடமிருந்து சத்தம் வரும்.

"ஒங்கையி வேணாம்மா. நீ போயி அடுப்பப் பாரு."

என் வீட்டுக்காரர் ஒரு பிரெஞ்சுத் துரையின் மருந்துக்கடையில் கம்பவுண்டர். ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்தார். தண்ணீரில் உப்புகளைக் கரைத்து, மண்ணே இல்லாமல் செடி வளர்க்கலாமாம். துரையின் பத்திரிகையில் படம் போட்டிருந்ததாம்.

"மண்ணயே தொடாத செடிக்கு ராசி எதுக்கு? நீ வளத்துக் காட்டு, பாக்கலாம்" என்றார்.

அந்த வீட்டில் என் பக்கம் பேச ஒரு ஆள் இருக்கிறது என்று அன்றைக்கு நினைத்தேன். நினைத்தேனே!

காலி ஒயின் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். தண்ணீர் ஒழுகாமலிருக்க உள்ளே தார் பூசியது நான். கையில் ஒட்டிய தார் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை, அந்தக் கையோடுதான் சோறு பிசைந்தேன். மூடிப் பலகையில் அவர் துளை போட்டார். புதினாத் தண்டுகளில் தேங்காய் நார் சுற்றி, வேர் மட்டும் தண்ணீருக்குள் தொங்கும்படி செருகினேன். வேருக்குக் காற்று வேண்டுமென்று அடுப்பூதும் குழலை உள்ளே விட்டுக் காலையும் மாலையும் ஊதினேன். "அடுப்ப ஊதச் சொன்னா தண்ணிய ஊதறா பாரு" என்று மாமியார் தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார். சிரிக்கட்டும் என்று இன்னும் பலமாக ஊதினேன்.

வெடியுப்பு, பேதியுப்பு, இன்னும் வாயில் நுழையாத ஏதேதோ உப்புகளை நிறுத்துப் போடுவதும், தண்ணீர் மாற்றுவதும் அவர் வேலை. விடிவதற்குள் எழுந்து செய்துவிடுவார். "நீ தொடாத, அளவு தப்புனா வேரு வெந்துடும்." கம்பவுண்டர் சொன்னால் கேட்டுத்தானே ஆகவேண்டும்?

புதினா வந்தது. சும்மா வரவில்லை, வாசல்வரை மணந்துகொண்டு வந்தது. கொத்தமல்லியும் வைத்தேன், அதுவும் வந்தது. சில நாள் காலையில் இலைகள் திடீரென்று அகலமாகத் தெரியும். தண்ணீரின் மகிமை என்று பூரித்துப்போவேன். அண்டை வீட்டுக்கெல்லாம் கிள்ளிக் கொடுத்தேன். எல்லோரும் "உன் கையா இது!" என்றார்கள். கேட்கக் கேட்க எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தச் சமயத்தில் நாத்தனாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. பாலிகை தெளிக்கச் சுமங்கலிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆளுக்கொரு மண்கிண்ணத்தில் தானியம் தூவி மூடிவைக்க வேண்டும். முளை செழித்தால் பெண் செழிப்பாள். பிள்ளை இல்லாதவளை யார் கூப்பிடுவார்கள்? என்னைக் கூப்பிட்டார் மாமியார்! "அதான் புதினாவா தழைக்குதே, நீயும் ஒரு கிண்ணம் போடு." எனக்குக் கிடைத்த கிண்ணத்தின் விளிம்பு கொஞ்சம் உடைந்திருந்தது. அதைச் சொல்லி இருப்பதையும் கெடுத்துக்கொள்வானேன் என்று, உடைந்த பக்கத்தைப் பூசையறைச் சுவரைப் பார்க்க வைத்தேன். கிண்ணங்களைத் திறந்து வெளிச்சம் காட்டித் தண்ணீர் தெளிப்பது மாமியார் மட்டும்தான்.

கல்யாணத்துக்கு முதல் நாள் பூ வாங்கப் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். எங்கள் தெரு வழியாகக் கூடை சுமந்து போகும் கீரைக்காரி அங்கே கடை விரித்திருந்தாள்.

"யம்மா, ஒங்க வூட்டுக்காரரு கருக்கல்லயே வந்து வேரோட புதினா கேட்டு வாங்கினு போறாரே, ஒண்ணாவது பொழைக்குதா இல்லியா?"

பூவை வாங்கினேனா, எந்த வழியாக வீட்டுக்கு வந்தேன், ஒன்றும் நினைவில்லை. அவரைக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். மழுப்பினார். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டார்.

"மொதல்ல ரெண்டு இல பழுத்துது. நீ மனசு ஒடஞ்சிடுவியேன்னு மாத்தி வெச்சேன். அப்புறம் நிறுத்த முடியல."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

வேட்டி நுனியைத் திருகினார். அப்படியென்றால் எல்லோருக்கும் தெரியும். "உன் கையா இது" என்று சொன்ன அத்தனை வாய்க்கும் தெரியும். சட்டென்று பாலிகை நினைவுக்கு வந்து, அதையும் மாற்றியிருப்பார்களோ என்று பூசையறைக்கு ஓடினேன். கிண்ணங்களில் முளைகள் பச்சைப் பசேலென்று நின்றன. ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எதிலும் விளிம்பு உடைந்திருக்கவில்லை.

வீடெல்லாம் தேடினேன். என் கிண்ணம் விறகு அறையில், கவிழ்த்த ஓலைக்கூடைக்குக் கீழே இருட்டில் இருந்தது. கூடையைத் தூக்கினேன். முளைத்திருந்தது. பச்சை இல்லை, வெளிச்சம் காணாத வெளிர் மஞ்சள். ஆனால் ஒரு சாண் உயரத்துக்கு அடர்த்தியாக, கூடையின் ஓலையை முட்டிக்கொண்டு நின்றது.

அவர் பின்னாலேயே வந்திருந்தார். "அம்மாதான் பயந்தாங்க. தங்கச்சி வாழ்க்கையாச்சே... நான்தான் வேற கிண்ணம் மாத்தி வெச்சேன்."

"ஒரு தடவ கூடவா இந்தக் கூடயத் தூக்கிப் பாக்கல?"

"பாக்கவே பயமா இருந்துது" என்றார்.

மாமியார் நம்பாதது எனக்குப் பழகிப்போன விஷயம். மண்ணைத் தொடாத செடிக்கு ராசி எதற்கு என்று கேட்ட மனுஷன், முளைத்ததா என்று பார்க்கக்கூடப் பயந்திருக்கிறார்! செடி செத்துப்போச்சு என்று அன்றைக்கே சொல்லியிருந்தால் ஒரு மூச்சு அழுதுவிட்டு வேறு தண்டு வைத்திருப்பேன்.

கல்யாணம் முடிந்து பாலிகையைக் கடலில் கரைக்கப் போனபோது, உடைந்த கிண்ணத்தை நான் இடுப்பில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் முன்னால் நடந்தேன். அந்த மஞ்சள் முளையை மாமியார் பார்த்தார், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னால் வந்தார்.

பெட்டித் தண்ணீரை அதன் பிறகு நானே மாற்றினேன், உப்பையும் நானே நிறுத்தேன். இலை பழுத்தது, தண்டு அழுகியது, பிறகு ஒன்று பிழைத்தது. அதில் கிள்ளித் துவையல் அரைத்த அன்று எல்லோருக்கும் பரிமாறினேன். அவர் இலையில் மட்டும் வைக்கவில்லை. அவரும் கேட்கவில்லை.