ஓரகத்தியின் மார்க்

1974 ஜூலையில் ரேணுகாம்பாள் வாங்கியது நாலு மார்க். அவளுடைய ஓரகத்தி கிருஷ்ணவேணி வாங்கியது பதினான்கு.

இருவருக்கும் வயிற்றில் ஆறு மாதம். மெட்ராஸ் கல்லூரி ஒன்றிலிருந்து ஆராய்ச்சிக்காகப் பிரசவ ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த தேவகி, கர்ப்பிணிகளை ஒவ்வொருவராக உட்காரவைத்து இருபது கேள்வி கேட்டாள். தூக்கம் வருகிறதா, பயமாக இருக்கிறதா, அழுகை வருகிறதா என்று. முடிவில் கூட்டி ஒரு எண் போட்டாள். அன்று மாலையே ஆஸ்பத்திரி நர்ஸம்மா வீட்டுக்கு வந்து அந்த எண்களை மாமியார் காமாட்சியம்மாளிடம் சொல்லிவிட்டாள். "சின்ன மருமகளுக்கு ஓய்வு குடுங்க. வேலை வாங்காதீங்க."

அதோடு சின்ன காஞ்சிபுரத்து அந்த வீட்டில் கிருஷ்ணவேணி மகாராணி ஆனாள். முதல் டம்ளர் பால் அவளுக்கு. அவள் படுத்தால் மற்றவர்கள் குரலைத் தணித்தார்கள். ராட்டினத்தில் அவள் சுற்ற வேண்டிய பட்டிழையும் ரேணுகாம்பாள் தலையில் விழுந்தது.

போன வருஷம் ஏழாம் மாதத்தில், ராட்டினத்தின் முன்னால்தான் ரேணுகாம்பாளுக்கு வலி எடுத்தது. குழந்தை தங்கவில்லை. அப்போது யாரும் ஓய்வு கொடு என்று சொல்லவில்லை. இப்போது மறுபடி ஏழாம் மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"அவ எட்டாவது படிச்சவ. டக்குடக்குனு பதில் சொல்லி மார்க் வாங்கிக்கினா," என்று பக்கத்து வீட்டுப் பட்டம்மாளிடம் பொருமினாள்.

"நீ என்ன சொன்னே?"

"எல்லாத்துக்கும் ஒரு குறையும் இல்லீங்கன்னேன்."

"அப்ப ஃபெயிலுதான். போய் மறுபடி எழுதும்மா."

பட்டம்மாள் கேலிக்குத்தான் சொன்னாள். ரேணுகாம்பாள் மறுநாளே தனியாக ஆஸ்பத்திரியில் போய் நின்றாள்.

"எனக்கு இன்னொரு தரம் வைங்கம்மா. என் ஓரகத்திய விட ஒண்ணு கூட வந்தா போதும்."

தேவகி சிரித்துவிட்டாள். "மார்க் கூடினா நல்லதுன்னு யார் சொன்னா? மனசுல எவ்வளவு பாரம்னு பாக்கறதுக்கு இது. கூடுதல்னா கஷ்டம் கூடுதல்."

ரேணுகாம்பாளுக்கு இன்னும் எரிந்தது. பால் குடித்துவிட்டுப் படுத்திருப்பவளுக்குக் கஷ்டமா? அதிலும் அவள்தான் முந்திக்கொண்டாளா?

"அன்னிக்கு மாமியார் என் பக்கத்துல உக்காந்துக்கினு இருந்தாங்க," என்றாள். "அவங்க எதிர்ல தூக்கம் வரலன்னு சொல்ல முடியுமா? வேணிய கேக்கும்போது மட்டும் மருந்து வாங்கப் போயிட்டாங்க."

தேவகியின் சிரிப்பு நின்றது. கதவைச் சாத்திவிட்டு முதலிலிருந்து கேட்டாள்.

"தூக்கம் வருதா?"

"கண்ணை மூடினா போன வருசம் வந்துடுது."

"யார் மேலயாவது கோபம்?"

"அவ டம்ளரைக் கீழ வைக்கிற சத்தம் கேட்டாலே வருது."

"மனசு விட்டுப் பேச ஆள் இருக்கா?"

"இப்ப பேசிக்கினுதானே இருக்கேன்."

பதினேழு வந்தது.

"வேணிய விட மூணு கூட," என்றாள் ரேணுகாம்பாள். முகம் மலர்ந்தது. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் அழுதாள்.

நர்ஸம்மா திரும்பவும் வீட்டுக்கு வந்து, ரேணுகாம்பாளுக்கும் ஓய்வு வேண்டும் என்று சொன்னபோது காமாட்சியம்மாள் முகத்தைச் சுளித்தாள். "ரெண்டு பேரும் படுத்துக்கினா வேலை எப்படிம்மா ஓடும்?"

"ஓடற வரைக்கும் ஓடட்டும்," என்றான் ரேணுகாம்பாளின் புருஷன் பரசுராமன். "ஒண்ணைப் பறிகொடுத்தது போதும்."

அந்த வெள்ளிக்கிழமை அவளைக் கூரம் கிராமத்திலிருந்த தாய்வீட்டில் கொண்டுபோய் விட்டான்.