பட்டறையின் இரண்டாவது சாவி

என் வீட்டுக்காரருக்குப் பட்டறையில் வைத்த பெயர் பூனை. நடந்தால் சத்தம் வராது, திட்டினால் பதில் வராது. பெயர் வைத்தவர் அவருடைய சொந்த அண்ணன்தான். அப்பா இரண்டு பேருக்கும் சேர்த்து விட்டுப்போன பட்டறை அது. ஆனால் ஷட்டர் சாவி ஒன்றே ஒன்று, அதுவும் அண்ணன் இடுப்பில். அவர் வந்து திறக்கும்வரை தம்பி தினமும் வாசலில் நிற்பார், கூலிக்கு வந்தவர் மாதிரி. நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு பழைய கார் வந்தது. கூரையில் திறந்து மூடுகிற கண்ணாடி, சன்ரூஃப் வைத்தது. மழை பெய்தால் உள்ளே ஒழுகும். போன இடத்திலெல்லாம் கண்ணாடியைச் சுற்றிப் பசையை அப்பி அனுப்பியிருந்தார்கள். அண்ணனும் பசை டியூபைத்தான் கையில் எடுத்தார்.

"அண்ணே, கண்ணாடி வழியா கொஞ்சம் தண்ணி இறங்கத்தான் செய்யும். கீழ தட்டுல விழுந்து, மூலைக் குழாய் வழியா வெளிய போகணும். குழாய் அடைச்சிருக்கு."

"அடேங்கப்பா, பூனை பேசுது டோய்!" பட்டறையே சிரித்தது. "சரிடா, ஒழுகலை நிறுத்திக் காட்டு. ரெண்டாவது சாவி செஞ்சு உன் கையில குடுக்கறேன். நீயும் முதலாளி. எல்லாரும் சாட்சி!"

வீட்டுக்கு வந்து அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கல்யாணமான நாளிலிருந்து நான் பார்க்காத முகம்.

மறுநாள் நான் சாப்பாடு கொண்டுபோனபோது, தடித்த தூண்டில் நரம்பைக் குழாய்க்குள் விட்டு அழுக்கை இழுத்துக்கொண்டிருந்தார். "காத்து மட்டும் அடிச்சுடாதீங்க. பழைய குழாய், உள்ளேயே கழண்டுக்கும்," என்று எல்லாரிடமும் சொன்னார்.

ஒழுகலைச் சரிசெய்தவரே உள்ளே உட்கார வேண்டும், மேலே தண்ணீர் ஊற்றுவார்கள். அதுதான் அந்தப் பட்டறை வழக்கம். உட்கார்ந்தார். வாளி வாளியாக ஊற்றினார்கள். தண்ணீரெல்லாம் சக்கரத்தோரம் வடிந்தது. சட்டையில் ஒரு சொட்டு இல்லாமல் இறங்கி, என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கார்க்காரர் முன்னாலயும் ஒரு தடவை ஊத்திக் காட்டிடலாம். நீ போய்ச் சாப்பிடுடா கண்ணு," என்றார் அண்ணன். அந்த வாயில் கண்ணாவது மூக்காவது! எனக்கு அப்போதே சுருக்கென்றது.

அவருக்குக் குடிக்கத் தண்ணீர் பிடிக்கக் குழாயடிக்குப் போனவள் பார்த்தேன். அண்ணன் கண்ணாடியைத் திறந்து, முன்மூலையில் காற்றுக்குழலை வைத்து அழுத்தினார். புஸ்ஸென்று சத்தம். வேலைக்காரர்களும் பார்த்தார்கள்.

ஓடிப்போய்ச் சொன்னேன். சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. "சும்மா இரு. அண்ணன் அப்படிப் பண்ண மாட்டாரு," என்றார்.

கார்க்காரர் வந்தார். இவர் மறுபடியும் உள்ளே உட்கார்ந்தார். முதல் வாளியிலேயே கூரைத்துணி உப்பி, தலையிலும் மடியிலும் கொட்டியது.

"பூனை நனைஞ்சிடுச்சு டோய்! இந்த மூஞ்சிக்குச் சாவி வேணுமாம், சாவி!"

"மாமா, நீங்கதானே காத்தடிச்சீங்க! என் ரெண்டு கண்ணால பாத்தேன்!" என்று கத்திவிட்டேன்.

"பொம்பளைக்குப் பட்டறையில என்னடா வேலை?" என்று அண்ணன் கேட்டது தம்பியைத்தான்.

வேலைக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். நான் என் புருஷனைப் பார்த்தேன். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை பேசினால் போதும். முடியிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றவர் என்னிடம் சொன்னார்: "நீ வீட்டுக்குப் போ."

பிறகு காரின் முன்கண்ணாடியோரத் தூண் மூடியைக் கழற்றி, உள்ளே கழன்றுபோன குழாயை மாட்டியதும் என் வீட்டுக்காரரேதான். கார்க்காரர் கைகுலுக்கியது அண்ணனிடம்.

இரண்டாவது சாவி வரத்தான் செய்தது, அண்ணனுடைய மருமகனுக்கு. முதல் நாள் அந்தப் பையனுக்குப் பூட்டைத் திறக்கத் தெரியவில்லை. தினமும் வாசலில் நின்று பார்த்தவருக்குத் தெரியாதா? பக்கத்தில் குனிந்து எண்ணெய் விட்டார்.

"கொஞ்சம் இறுகும் மாப்பிள்ளை. இப்படித் தூக்கிப் பிடிச்சுத் திருப்புங்க."

ஷட்டர் திறந்தது. சாவியில் ஒட்டியிருந்த எண்ணெயைத் தன் சட்டையில் துடைத்து, அவன் கையில் திருப்பிக் கொடுத்தார்.