கிளாஸ் ஆறுகிற நேரம்

பெயிண்டர் என்றதும் சுவருக்கு வெள்ளையடிப்பவர் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் கார்களுக்குப் பெயிண்ட் அடிப்பவர். இடித்து நசுங்கி வரும் வண்டிக்குப் பட்டி வைத்து, தேய்த்து, நிறம் கலந்து அடித்து, நேற்றுதான் வாங்கியது போல் ஆக்கிவிடுவார். பட்டறையில் முகமூடி போடச் சொல்வார்கள். "மூஞ்சி வேர்க்குது" என்று கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்வார். சொன்னால் கேட்கிற ஆளா!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவருக்கு ஒரே ஒரு கிளாஸ் உண்டு. கப்பலில் வேலை பார்க்கும் மச்சான் வரும்போதெல்லாம் கொண்டுவந்து கொடுக்கிற பர்பன் விஸ்கி. தண்ணீர் சேர்த்து இளக்காத முரட்டுச் சரக்கு. ஊற்றிய சூட்டில் மூக்கைக் கொண்டுபோனால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். அதனால் ஊற்றி ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, காரம் அடங்குகிற வரை சும்மா விட்டுவிட வேண்டும் என்று மச்சான் சொல்லியிருந்தான். ஊற்றுவது மட்டும் மனைவியின் வேலை. பாட்டில் இவர் கைக்குப் போனால் அளவு தாங்காது என்பது அவள் கட்சி.

அவள் பஸ் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். வாரம் முழுக்க ஊரையே எங்கெங்கோ அனுப்பிவைத்துவிட்டு, தான் மட்டும் அதே நாற்காலியில். விஸ்கியைத் தொடமாட்டாள், முகர்ந்துகூடப் பார்க்கமாட்டாள். ஆனால் கிளாஸ் ஆறுகிற நேரம் பக்கத்தில் வந்து கால் நீட்டி உட்கார்ந்துவிடுவாள். வெயில் கிளாசுக்குள் புகுந்து தரையில் தேன் நிறத்தில் ஒரு பொட்டு வைக்கும். அவர் அவ்வப்போது எடுத்து முகர்ந்து, என்ன வாசனை வருகிறது என்று சொல்வார்.

"சக்கரை கருகின வாசனை."

"அப்புறம்?"

"புது பீரோவைத் திறந்த மாதிரி மர வாசனை."

"அப்புறம்?"

கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். மற்ற நாளில் அவர்கள் பேசிக்கொள்வதெல்லாம் பால் வந்ததா, மோட்டார் போட்டாச்சா என்பதுதான்.

போன மழைக்காலத்தோடு பெயிண்டரின் மூக்கு ஓய்ந்துபோனது. சளி என்று நினைத்தார். சளி போனது, வாசனை திரும்பி வரவில்லை. இத்தனை வருஷத் தின்னர் நெடி, வேறென்ன? டாக்டர் கையை விரித்துவிட்டார். வெளியே வந்தவருக்கு மூக்கைப் பற்றிக்கூட அவ்வளவு கவலை இல்லை. விஷயம் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை அவள் எதற்கு வந்து உட்காரப்போகிறாள் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது.

ஆகவே அளந்துவிட ஆரம்பித்தார். முதலில் பழைய வாசனைகளையே திருப்பிச் சொன்னார். பிறகு மனுஷனுக்குத் துணிச்சல் வந்துவிட்டது.

"யாருமே இல்லாத ஒரு ஸ்டேஷன். இப்பதான் மழை விட்டிருக்கு. மரப் பெஞ்சு நனைஞ்சு கிடக்கு."

"அப்புறம்?"

"ஒருத்தன் ஆரஞ்சு உரிச்சுக்கிட்டே நடந்து போறான்."

"எங்க போறான்?"

"கடலுக்கு."

தரையிலிருந்த வெயில் பொட்டு மெல்ல நகர்ந்து அவள் பாதத்தில் ஏறியது. அந்த ஆரஞ்சுக்காரன் பின்னாலேயே அவளும் கடல்வரை போனாள். ஈர மணலில் நின்றாள். திரும்ப மனசே இல்லாமல் கண்ணைத் திறந்தாள். ஐயோ, இத்தனையும் புளுகென்று தெரியாமல் கேட்கிறாளே என்று அவருக்கு உறுத்தலாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிறும் கிளாசை எடுத்து நீளமாக முகர்ந்தார்.

"இன்னிக்கு அருமையா ஆறியிருக்கு. வெனிலா வருது. அதுக்குப் பின்னாடி பழைய படகு ஒண்ணு..." என்றபடியே ஒரு வாய் குடித்தார்.

தொண்டை எரியவில்லை. நாக்கில் துவர்ப்புதான் ஒட்டியது. பால் விடாத டீ, ஆறிப்போனது.

திருட்டு முழி முழித்தார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாளா என் காதுல பூ சுத்துறீங்க?"

"அது வந்து..."

"அன்னிக்குப் பால் தீஞ்சு வீடே நாறிச்சு. நான் மாடியிலேர்ந்து ஓடி வரேன், நீங்க அடுப்புப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிக்கிறீங்க. அப்பவே சந்தேகம். சொல்லித் தொலைச்சா என்ன, தலையையா வாங்கிடுவேன்?"

"சொன்னா நீ வந்து உக்கார மாட்டியே."

அவள் எழுந்து உள்ளே போனாள். போச்சு, எல்லாம் போச்சு என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவள் பாட்டிலோடும் வேறொரு கிளாசோடும் திரும்பி வந்தாள். ஊற்றினாள். ஊற்றிய கையோடு தன் மூக்கருகே கொண்டுபோனாள்.

"அம்மாடி! கண்ணே அவிஞ்சுபோச்சு!"

"அவசரப்படாதே. கொஞ்ச நேரம் இருக்கட்டும்."

கிளாசை ஜன்னலில் வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். பொட்டு தரையில் நகர்ந்தது. அவள் கிளாசை மறுபடி எடுத்துப் பயந்து பயந்து முகர்ந்தாள்.

"வாழைப்பழம்."

"வாழைப்பழமா? வெனிலால்லவா வரணும்!"

"மூக்கு வேலை செய்யுறது உங்களுக்கா, எனக்கா? தோல் கறுத்த வாழைப்பழம். பேசாம கேளுங்க."

பெயிண்டர் காலை நீட்டிச் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டார்.

"அப்புறம்?" என்றார்.