ஒரு மூட்டை எடை

தேவயானிக்கும் வேலைக்கும் நடுவே ஒரு கிலோ அறுநூறு கிராம் குறுக்கே நின்றது.

பிளஸ் டூ முடிவு வந்த வாரமே, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துச் செல்போன் கம்பெனி ஒன்று விழுப்புரத்தில் ஆள் எடுத்தது. திருவாமாத்தூரை ஒட்டிய கிராமத்திலிருந்து அவளும் சிநேகிதி இளவரசியும் டவுன் பஸ் ஏறிப் போனார்கள். சான்றிதழ் சரி, கண் சரி, உயரமும் சரி. எடைக் கருவி மட்டும் முப்பத்தெட்டு புள்ளி நான்கு என்றது. நாற்பது இருக்க வேண்டுமாம். எட்டு மணி நேரம் நின்று பார்க்கும் வேலை. நாற்பத்தாறு கிலோ இளவரசி ஜூன் மாதமே விடுதிக்குப் போய்விட்டாள். அங்கே ஞாயிறுதோறும் டிப்ளமோ வகுப்பு நடத்துகிறார்கள் என்று அவள் போனில் சொன்னதிலிருந்து தேவயானிக்கு வேறு நினைப்பில்லை.

அடுத்த ஆள் எடுப்பு ஆவணியில், திண்டிவனத்தில். அதிலும் கழித்துவிட்டால், மாமா சொல்லி வைத்திருக்கும் துணிக்கடை. அங்கேயும் நாள் முழுக்க நிற்க வேண்டும். எடை கேட்க மாட்டார்கள், படிக்கவும் விட மாட்டார்கள்.

அவள் தின்னத் தொடங்கினாள். காலையில் கேப்பைக் கூழ், பதினோரு மணிக்கு வேர்க்கடலையை வெல்லம் போட்டு இடித்த மல்லாட்டை உருண்டை, மாலையில் இரண்டு முட்டை, இடையில் நேரம் கிடைத்தபோதெல்லாம் வாழைப்பழம். நாற்பதாவது நாள் பழத்தைப் பார்த்தாலே குமட்டியது.

திண்டிவனம் ஆள் எடுப்பு முகாமுக்கு முந்தின நாள் அப்பா கோதண்டபாணி நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டார். அவளும் கூடப் போயிருந்தாள். மூட்டைக்கு நாற்பது கிலோ. கடைசி மூட்டையை இறக்கிய மாசிலாமணி, இந்த வீட்டு நெல்லை வருஷக்கணக்காகத் தூக்குகிறவர், இவள் பக்கம் திரும்பினார்.

"மூட்டையெல்லாம் நாப்பதுல கரெக்டா நின்னுச்சி. நீ நிப்பியா பாப்பா?"

"ஏறித்தான் பாரேன்" என்றார் அப்பா.

காலித் தராசில் சிவப்பாக ஏதோ எண் மின்னியது. யாரும் கவனிக்கவில்லை. அவள் ஏறினாள். முப்பத்தொன்பது புள்ளி ஆறு.

"கொறையறது ஒரு மரக்கா நெல்லு கூட தேறாது. ரெண்டு பிடி நெல்ல முடிஞ்சிக்கினு போ" என்று மாசிலாமணி சிரித்தார். தேவயானி சிரிக்கவில்லை. நானூறு கிராம் குறைகிறது.

ராத்திரி போனில் கேட்டபோது இளவரசியிடம் வழி இருந்தது. "பஸ்ல ஏறச்சொல்ல ரெண்டு லிட்டர் தண்ணி குடிச்சிக்கினு போடி. எங்க ரூம்ல பாதிப் பேரு அப்டி வந்தவளுங்கதான்."

"பாத்ரூம் வந்தா?"

"அடக்கிக்க. வேலை வேணுமா, பாத்ரூம் வேணுமா?"

மறுநாள் அப்பாவோடு கிளம்பியவள், விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இரண்டு லிட்டர் பாட்டிலைக் காலி செய்தாள். விக்கிரவாண்டி டோல்கேட் வரை ஒன்றும் தெரியவில்லை. கூட்டேரிப்பட்டில் பஸ் ஊர்ந்தபோது கால்மேல் கால் போட்டுக்கொண்டாள். திண்டிவனம் நெருங்கும்போது ஒவ்வொரு வேகத்தடையும் நேரே அடிவயிற்றில் வந்து விழுந்தது.

"இன்னாம்மா, மொகம் வேர்த்துக்கினு கெடக்குது?"

"பேச வைக்காதப்பா."

கல்யாண மண்டபத்தில் முந்நூறு பெண்கள். அவளுக்கு டோக்கன் நூற்று நாற்பத்து மூன்று. நின்ற இடத்தில் நிற்காமல் காலை மாற்றி மாற்றி ஊன்றியபடி ஒன்றரை மணி நேரம் வரிசையில் நகர்ந்தாள். மேசைக்குப் பின்னால் இருந்த நர்ஸ், கழுத்து அட்டையில் வேணி என்று போட்டிருந்தது, மூடி போட்ட சின்ன டப்பா ஒன்றை நீட்டினார்.

"யூரின் டெஸ்ட். அந்தக் கோடியில பாத்ரூம். போயிட்டு வந்து எடை பாத்துக்கோ."

தேவயானி டப்பாவையே பார்த்தாள். "அக்கா, மொதல்ல எடை போட்டுக்கலாமா?"

"எல்லாரும் இதான் கேக்கறீங்க. அதனாலதான் இந்த வருஷம் மாத்தி வச்சிருக்காங்க. போம்மா, ஜல்தி."

டப்பா அளவோடு நிறுத்திவிடலாம் என்றுதான் உள்ளே போனாள். பேச்சைக் கேட்கிற நிலையில் உடம்பு இல்லை. விழுப்புரத்தில் குடித்ததெல்லாம் திண்டிவனத்தில் போனது. வெளியே வந்தபோது உடம்பு அத்தனை சுகமாக இருந்தது. துணிக்கடையின் கண்ணாடிக் கதவு கண்முன் வந்து நின்றது.

எடைக் கருவியில் ஏறிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"நாப்பது முந்நூறு. எறங்கு."

அவள் இறங்கவில்லை. "இல்லக்கா. முப்பத்தொம்பது அறுநூறுதான் இருக்கும். இன்னொரு தரம் பாருங்க."

வேணி பேனாவைக் கீழே வைத்தார். "வேலை குடுத்தா வேணாங்கற மொத ஆளு நீதான். எறங்கி ஏறு, பாப்போம்." மறுபடியும் நாற்பது முந்நூறு. "போதுமா? நேத்து எங்க பாத்த?"

"நெல்லு போடற எடத்துல."

வேணி ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு சீட்டில் முத்திரையைக் குத்தினார். "உங்கப்பாவ கேளு."

அப்பா வெளியே வேப்பமர நிழலில் நின்றிருந்தார். அவள் சீட்டைக் கொடுத்தாள். வியாழக்கிழமை சேர வேண்டும் என்று எழுதியிருந்ததை இரண்டு தரம் படித்தார். பிறகு எடையைப் படித்தார். நெற்றியில் அறைந்துகொண்டார்.

"காலி சாக்கோட எடைய கழிச்சி வச்ச தராசும்மா அது. அரை கிலோக்கு மேல கொறச்சிதான் காட்டும். எனக்குத் தெரியாதா, எத்தினி வருஷமா போடறேன். உன்ன நிக்க வச்சப்ப தோணல பாரு."

"அப்ப நேத்தே நான் நாப்பதாப்பா?"

"நேத்தே நாப்பதுதான்."

விக்கிரவாண்டியும் கூட்டேரிப்பட்டும் அவளுக்கு ஞாபகம் வந்தன. கோபப்படத்தான் நினைத்தாள். சிரிப்பு முந்திக்கொண்டது. அப்பாவும் சேர்ந்துகொள்ள, டோக்கன் வைத்திருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்று இரண்டாம் ஆண்டு டிப்ளமோ படிக்கும் தேவயானி, இந்தக் கதையை விடுதியில் கேட்பவர்களுக்கெல்லாம் சொல்கிறாள். அன்றைக்குப் பஸ் ஏறியதும் அப்பா மஞ்சள் பையைத் திறந்தார். உள்ளே நான்கு வாழைப்பழம் மிச்சம்.

"இந்தா, சாப்புடு."

"நீயே சாப்புடுப்பா" என்றவள், ஜன்னலோரம் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போனாள்.