எட்டு ஜாஸ் தட்டுகள்

குமாரபாளையத்தில் விசைத்தறி மின்கட்டணம் பற்றிச் செய்தி சேகரிக்கப் போனபோது ஒரு தறி மெக்கானிக்கைச் சந்தித்தேன். ஒல்லியானவர், நகக்கண்களில் கிரீஸ் படிந்திருந்தது. பேசும்போதெல்லாம் இரண்டு விரல்களால் மேசையைத் தட்டிக்கொண்டே இருந்தார். காயலான் கடைகளில் தேடிப் பிடித்த ஜாஸ் இசைத்தட்டுகளை அலமாரியில் அடுக்கியிருந்தார். ஒன்றை எடுத்துப் போட்டார். ட்ரம்ஸ் திடீரென்று தாளம் மாறியதும் பக்கத்துத் தறிக் கொட்டகைக்காரர் எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க, எந்தத் தறி மக்கர் பண்ணுது?”

“தறி இல்லீங்க, பாட்டு” என்றார் மெக்கானிக். பிறகு என் பக்கம் திரும்பினார். “இவங்கெல்லாம் துணிஞ்சு வாசிச்சவங்க, சாமி. அன்னைக்கும் யாரும் வாங்கல, இன்னைக்கும் கேக்கறதில்ல. இந்த எட்டுத் தட்டோட பேரை மட்டும் பேப்பர்ல போடுங்க. யாராச்சும் ஒருத்தர் போன்ல தேடிக் கேப்பாங்க.”

பெயர்களை அவரே எழுதித் தந்தார். அவரைப் பற்றிய செய்தி வந்தபோது, இடமில்லை என்று அவற்றை எடுத்துவிட்டிருந்தார்கள். அவர் படம் பெரிதாக இருந்தது. மேலே, ‘பழைய பாட்டின் காதலர்’ என்று தலைப்பு.

மறுநாள் போன் செய்தார். “படம் நல்லா வந்திருக்குதுங்க. ஆனா, யாருமே கேக்காத பாட்டு எப்படிங்க பழசாகும்?”

அலுவலகத்தில் யாரோ வைத்த தலைப்பு என்றேன். வைத்தது நான்தான்.